விருதும் செய்தியும்: வேலூர்ப் பக்கம் டிசைன் ஸ்டுடியோ நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் ஒரு சின்ன இன்டராக்டிவ் டிசைன் ஸ்டுடியோவில் பத்திரிகைத் தொடர்பும் போட்டி விண்ணப்பங்களும் என் பொறுப்பு. அதற்கு முன்பு ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். அதனால் இரண்டு பக்கத்துச் சந்தேகங்களும் என்னிடமே வந்து சேர்கின்றன. கல்லூரி முடித்த பிள்ளைகள், புதிதாகக் கடை போட்டவர்கள், ராணிப்பேட்டை ஆம்பூர் பக்கத்து வாடிக்கையாளர்கள், ஒரு சில அம்மாக்களும்கூட. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டுவதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

இன்டராக்டிவ் டிசைன் ஸ்டுடியோன்னா இன்னா? வெப்சைட் போடுற கம்பெனிதானே?

வெப்சைட்டும் போடுவோம். ஆனால் பார்ப்பவர் தொட்டால், நகர்ந்தால், பேசினால் அதற்குத் தகுந்தபடி மாறுகிற எதுவும் இந்த வேலைக்குள் வரும். அருங்காட்சியகத் தொடுதிரை, ஆஸ்பத்திரி டோக்கன் கியோஸ்க் (நாமே தொட்டு டோக்கன் எடுக்கும் திரைப் பெட்டி), கண்காட்சி அரங்கில் கை அசைத்தால் ஓடும் படம், மொபைல் ஆப் எல்லாம் இதில் அடக்கம்.

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய் எழுச்சியை ஒரு திரையில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதி ஒட்டினால் அது பலகை. எந்த வாசலில் என்ன நடந்தது, அப்போது மணி என்ன என்று பள்ளிக்கூடத்துப் பையன் தானே விரலால் தேடிப் போகும்படி செய்தால் அது எங்கள் தொழில். இதில் வரலாறு எழுதுபவர், வரைபவர், புரோகிராம் எழுதுபவர், ஒலி சேர்ப்பவர் என்று பலர் கை இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பெயர் போடும் தகராறு வரும்போது தேவைப்படும்.

பிரஸ் கவரேஜ், இண்டஸ்ட்ரி ரெகக்னிஷன்னு சேர்த்தே சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானா அண்ணா?

வேறு வேறு. பத்திரிகைச் செய்தி என்றால், தொழிலுக்கு வெளியே இருக்கும் ஒருவர் 'இது என் வாசகருக்கு வேண்டும்' என்று முடிவு செய்திருக்கிறார். டிசைன் தரமா என்று அவர் பார்ப்பதில்லை, பார்க்கவும் தேவையில்லை. தொழில்துறை அங்கீகாரம் என்றால், இதே வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்து மற்ற வேலைகளோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை ஊருக்குப் பயன்பட்டதா என்பது அவர்கள் முன் பல நேரம் வருவதே இல்லை.

எது கையில் வந்தாலும் நான் நாலு கேள்வி கேட்பேன். யார் கொடுத்தது? எந்த வேலைக்கு? எப்போது? காசு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது? நாலுக்கும் ஒளிக்காமல் பதில் சொல்ல முடிந்தால் வெப்சைட்டில் போடுங்கள். ஒன்றில் இழுத்தாலும் யோசியுங்கள். இந்தப் பக்கம் முழுக்க அந்த நாலு கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

பேப்பர்ல வரணும்னா எவ்ளோ ஆவும்?

செய்தி என்றால் ஒன்றும் ஆகாது. விளம்பரம் என்றால் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விலைப்பட்டியல் இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். பிரச்சினை நடுவில் இருப்பதில்தான். பணமாகவோ பொருளாகவோ பிரதிபலன் வாங்கிக்கொண்டு வெளியிடும் செய்தி அல்லது அலசலைத்தான் 'பெய்டு நியூஸ்' என்று இந்தியப் பிரஸ் கவுன்சில் 2010-இல் வரையறுத்தது. யாராவது கவரில் கொடுத்தால் வரும் என்று சொன்னால், அந்தச் சொல்லைத்தான் அவர் சுற்றி வளைத்துச் சொல்கிறார்.

பொங்கல், தீபாவளிக்கு வரும் சிறப்பு மலரில் ஊர் நிறுவனங்களைப் பற்றிக் கட்டுரை மாதிரி வருமே, அது விளம்பரக் கட்டுரை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, மேலே 'விளம்பரம்' என்று போட்டிருக்கும் வரை. அதைக் கத்தரித்து 'எங்களைப் பற்றிப் பத்திரிகைகள்' என்ற தலைப்பில் ஒட்டுவதுதான் தப்பு. இணையச் செய்தித் தளங்களிலும் இதே கதைதான். காசு வாங்கிக்கொண்டு போட்ட பக்கத்தின் அடியில் பிராண்டு பிரிவு, பார்ட்னர் உள்ளடக்கம் என்று பொடி எழுத்தில் இருக்கும். காசுக்கு வைத்த இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு' என்று தனி அடையாளம் வைக்கச் சொல்லி கூகுள் 2019-லேயே சொல்லிவிட்டது. அதனால் தேடலில் மேலே வரலாம் என்ற கணக்கும் அங்கே பலிக்காது.

நிருபருக்குப் பல தடவை பிரஸ் ரிலீஸ் அனுப்பிட்டோம். ஒரு வரி வரல. என்ன சொல்லணும் அவருகிட்ட?

நான் நிருபராக இருந்தபோது வந்த ரிலீஸ்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: 'புதுமையான அனுபவத்தை வழங்கும் முன்னணி நிறுவனம்' என்று தொடங்கி, நிறுவனரின் பொன்மொழியில் முடியும். அதில் செய்தி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் டீ ஆறிவிடும். மாவட்டப் பக்கத்துக்கு வேண்டியது இடம், ஆள், பயன். வேலூருக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆஸ்பத்திரிப் பக்கத்துத் தெருக்களில் வங்காளப் பலகைகள் தொங்குவதை நாம் தினம் பார்க்கிறோம். அப்படி வரும் ஒருவர் யாரையும் கேட்காமல் தன் மொழியிலேயே டோக்கன் எடுத்துச் சரியான கவுன்டருக்குப் போக ஒரு கியோஸ்க் உதவுகிறது என்றால், அதுதான் முதல் வரி. ஸ்டுடியோ பெயர் மூன்றாவது வரியில் வந்தால் போதும்.

அப்புறம் கைவேலை. விஷயத்தை யூனிகோடில், மெயிலின் உடம்பிலேயே எழுதுங்கள். பழைய ஃபான்டில் அடித்த பிடிஎஃப்பை யாரும் திரும்ப டைப் செய்ய மாட்டார்கள். படத்தில் மனிதர் இருக்க வேண்டும், வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அச்சில் போட்டால் சேறு மாதிரி தெரியும். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். காலையிலேயே அனுப்புங்கள், சாயங்காலத்துக்குள் மாவட்டப் பக்கத்தில் முக்கால்வாசி நிரம்பிவிடும். கொடுத்த நம்பரில் கூப்பிட்டால் எடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

டிசைன் இதழ்களுக்கும் ஆங்கில நாளிதழ்களின் சிறப்புக் கட்டுரைக்காரர்களுக்கும் இதே மெயில் போகாது. அவர்களுக்கு எப்படி யோசித்தீர்கள் என்பது வேண்டும்: தூக்கிப்போட்ட வரைபடம், சோதனையில் ஜனங்கள் தடுமாறிய இடம், அதற்கப்புறம் என்ன மாற்றினீர்கள்.

செய்தி வந்துடுச்சு, ஆனா கம்பெனி பேரையே தப்பா போட்டுட்டாங்க. கேட்டா கோச்சுக்குவாங்களா?

மாட்டார்கள். தப்பான வரி, சரியான வரி, பக்க எண் மூன்றையும் எழுதி அன்றைக்கே அனுப்புங்கள். இணையப் பதிப்பில் திருத்திவிடுவார்கள், அச்சில் திருத்தம் வருவது கொஞ்சம் சந்தேகம்தான். 'தலைப்பு இன்னும் நல்லா வெச்சிருக்கலாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

டிசைன் உலகத்துல எந்த அவார்டுக்கு மரியாதை? பேரே நூறு இருக்கு.

இணைய வேலைக்கு என்றால் மூன்று பெயர் அடிக்கடி காதில் விழும். வெபி விருதுகள் 1996-இல் தொடங்கியவை. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பரிசு. ஒன்று அதை நடத்தும் அகாடமியின் உறுப்பினர்கள் தருவது, இன்னொன்று பொதுமக்கள் ஓட்டுப் போட்டுத் தருவது. மேடையில் நன்றியுரை ஐந்தே சொல். நம்மூர் விழா மேடைகளுக்கு இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும். எஃப்.டபிள்யூ.ஏ. 2000-இல் ராப் ஃபோர்டு தொடங்கியது. தினம் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்காட்டும். அவ்வார்ட்ஸ் (நடுவில் மூன்று டபிள்யூ போட்டு எழுதுவார்கள்) 2009-இல் ஸ்பெயினில் பிறந்தது. அதன் நடுவர்கள் மதிப்பெண் போடும் விதம் வெளிப்படை: வடிவமைப்புக்கு 40 சதவீதம், பயன்படுத்தும் எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10.

இணையத்தைத் தாண்டினால் பழைய பெரிய வீடுகள் இருக்கின்றன. ஜெர்மனியில் எஸ்ஸென் நகரத்து ரெட் டாட் 1955-லிருந்து, ஹனோவரின் ஐ.எஃப். 1953-லிருந்து. லண்டனில் 1962-இல் தொடங்கிய டி அண்ட் ஏ.டி. அமைப்பு பென்சில் வடிவக் கோப்பை தருகிறது. பென்சிலுக்கு நிறப் படிநிலை உண்டு, உச்சியில் இருப்பது கறுப்பு. விளம்பர உலகத்துக்கு 1954-லிருந்து கான் லயன்ஸ்.

இந்தியாவில் கியூரியஸ் அமைப்பின் யானைக் கோப்பைக்கு டிசைனர்கள் நடுவில் மதிப்பு அதிகம். இந்தியத் தொழில் கூட்டமைப்பான சி.ஐ.ஐ.யும் டிசைன் விருது தருகிறது. 2007-இல் மத்திய அரசு தேசிய டிசைன் கொள்கையைக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 2009-இல் உருவான இந்திய டிசைன் கவுன்சில், ஜப்பானின் குட் டிசைன் விருதுக்காரர்களின் உதவியோடு 'இந்தியா டிசைன் மார்க்' என்ற முத்திரையை ஏற்படுத்தியது. ஆனால் அது தொழிற்சாலையில் உற்பத்தியாகும் பொருள்களுக்கு. கியோஸ்க் பெட்டியைச் செய்து விற்கிறவர் யோசிக்கலாம், வெறும் ஆப் செய்கிறவருக்கு அது இடம் அல்ல.

எல்லாத்துக்கும் காசு கட்டித்தானே ஆகணும்? காசு கட்டி வாங்குனதுக்கு என்ன மரியாதை?

இதை என்னிடம் கேட்டவர் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைக்காரர். அவருக்கு அவர் தொழிலிலேயே பதில் இருந்தது. தோல் தொழிற்சாலைகளுக்குத் தரம் போடும் லெதர் ஒர்க்கிங் குரூப் தணிக்கைக்கு வந்தால் தொழிற்சாலைதான் காசு கட்டுகிறது. ஆனால் காசு கட்டியவர்களுக்கெல்லாம் தங்கத் தரம் வருவதில்லை; வெள்ளியும் வெண்கலமும் வரும், ஒன்றும் வராமலும் போகும். வெளிநாட்டு பையர் அதை மதிக்கக் காரணம் அந்த 'வராமலும் போகும்'தான்.

விருதும் இப்படித்தான். நுழைவுக் கட்டணம் கிட்டத்தட்ட எங்கேயும் உண்டு, அதை வைத்து எதையும் தள்ள முடியாது. சில இடங்களில் ஜெயித்த பிறகும் ஒரு கட்டணம் வரும். ரெட் டாட், ஐ.எஃப். இரண்டிலும் வெற்றியாளர் தொகுப்பு என்று தனியாகக் கட்ட வேண்டும், அதையும் முன்கூட்டியே விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். சின்ன ஸ்டுடியோ நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் ஜெயித்த பிறகு முழி பிதுங்கும். போட்டிக்கு அனுப்பும் முன் விதிப் பக்கத்தில் 'வெற்றியாளர்' என்று தேடி, கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன ஸ்டுடியோக்களுக்கு இந்த இரண்டாவது கட்டணம் அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் அது ஏமாற்று அல்ல. ஏமாற்று வேறு மாதிரி இருக்கும், அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

'உங்க கம்பெனி இந்த வருஷத்து டாப் டென்ல செலக்ட் ஆயிருக்கு'ன்னு மெயில் வந்திருக்கு தம்பி. பையன் சந்தோஷத்துல இருக்கான். நம்பலாமா?

நீங்கள் விண்ணப்பிக்காத போட்டியில் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள். இதற்கு விதிவிலக்கு உண்டு, பத்திரிகைகளே தேடிப்பிடித்துப் பட்டியல் போடுவது உண்டு. ஆனால் அவர்கள் பேட்டிக்குக் கூப்பிடுவார்கள், பில் அனுப்ப மாட்டார்கள்.

மெயிலில் இருக்கும் விருதின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். நடுவர்கள் யார் என்று பெயர் இருக்கிறதா? போன வருஷம் ஜெயித்தவர்களின் வேலையைக் காட்டுகிறார்களா, இல்லை நிறுவனர்களின் கோட்டு சூட்டுப் படம் மட்டும்தானா? செருப்புக் கம்பெனி, பல் டாக்டர், டிசைன் ஸ்டுடியோ எல்லாரும் ஒரே பட்டியலில் 'சிறந்த தலைவர்'களாக இருக்கிறார்களா? கேடயம், அட்டைப்படம், ஐந்து நட்சத்திர ஓட்டல் விருந்து என்று மூன்று விலையில் பேக்கேஜ் இருக்கிறதா? இருந்தால் கடையை மூடச் சொல்லுங்கள். பையனிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள் அம்மா, அவன் வேலை நன்றாகத்தான் இருக்கும். மெயில் அனுப்பியவர் அதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஷார்ட்லிஸ்ட், நாமினி, ஆனரபிள் மென்ஷன் எல்லாத்தையும் 'அவார்டு வின்னர்'னு போட்டுக்கலாமா?

போடக் கூடாது. வெபியில் நாமினி என்றால் ஒரு பிரிவில் கடைசிச் சுற்றுக்கு வந்த சிலரில் ஒருவர், ஹானரி என்றால் அதற்கு ஒரு படி கீழே. அவ்வார்ட்ஸில் 6.5-க்கு மேல் மதிப்பெண் வந்தால் ஆனரபிள் மென்ஷன். அன்றைய தளம், மாதத்தின் தளம், ஆண்டின் தளம் என்று அதற்கு மேலே ஏணி நீளுகிறது. எந்தப் படியில் நின்றீர்களோ அந்தப் படியின் பெயரைச் சொன்னாலே போதும், அதுவே கௌரவம்தான். 'நாமினி' என்பதை 'வின்னர்' ஆக்கினால், தெரிந்த ஒருவர் தேடிப் பார்த்த நிமிஷத்தில் உண்மையான விருதுகளின் மேலும் சந்தேகம் விழும்.

அவார்டு வாங்குன சைட்டுன்னு போய்ப் பார்த்தா என் போன்ல தொறக்கவே மாட்டேங்குது. இதுக்கா அவார்டு?

நியாயமான கோபம். மேலே சொன்ன மதிப்பெண் கணக்கைத் திரும்பப் பாருங்கள்: பயன்பாட்டு எளிமைக்கு 30, அழகுக்கும் புதுமைக்கும் சேர்த்து 60. அதோடு நடுவர் பார்ப்பது பெரிய திரையில், வேகமான இணைப்பில். ஜவ்வாது மலையில் ஒற்றைக் கோடு சிக்னலில் பழைய ஆண்ட்ராய்டு போனை வைத்துக்கொண்டு அவர் உட்காரவில்லை. முப்பரிமாணப் பொம்மை சுழன்று வருவதற்குள் நம் ஆள் பக்கத்தை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்.

அளக்க வேறு அளவுகோல்கள் இருக்கின்றன, அவற்றுக்குக் கோப்பை கிடையாது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் வந்துவிட வேண்டும், தொட்டதற்கு 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும் என்கிறது கூகுளின் அளவு. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல் வழிகாட்டி. கண் மங்கிய தாத்தா கியோஸ்க்கைப் படிக்க முடிகிறதா என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. ஆஸ்பத்திரி டோக்கன் திரை ஒன்றை மிக நன்றாகச் செய்தால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமே இருக்காது. வந்தார், தொட்டார், போனார். அப்படிப்பட்ட வேலைதான் வேலூரில் அதிகம் தேவை. விருது மேடைக்கு அது பெரும்பாலும் ஏறாது என்று தெரிந்துகொண்டே செய்ய வேண்டியிருக்கிறது. இது எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

வேலூர்ல இருந்துகினே இதெல்லாம் கிடைக்குமா? பெங்களூருக்குப் போயிடணுமா?

விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். காட்பாடியா, கோரமங்களாவா என்று நடுவருக்குத் தெரியப்போவதில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. போட்டிக்கு அனுப்பும் விளக்க வீடியோவில், பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள், வெளியாள் ஒருவருக்கு எல்லாம் புரிந்துவிட வேண்டும். தமிழ் இடைமுகம் என்றால் ஆங்கிலத் துணை எழுத்து வேண்டும். அதைவிட, இந்த வேலை இங்கே ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். வங்காளக் குடும்பம் வேலூரில் வந்து டோக்கன் எடுக்கும் கதை பெர்லினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நாமே சொல்லாவிட்டால் அவருக்கு அது இன்னொரு தொடுதிரை.

பெங்களூருக்குப் போனால் கிடைப்பது பழக்கவழக்கம்: யாருக்கு எழுதுவது, எந்தப் பிரிவில் போடுவது, நடுவர்களாக இருந்தவர்களோடு ஒரு காபி. அதற்கு வருஷத்தில் ஓரிரு கருத்தரங்குகளுக்குப் போய்வந்தால் போதும். காட்பாடி ஜங்ஷனில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம், வீட்டை காலி செய்ய வேண்டியதில்லை.

அவார்டு வாங்குனா ஆர்டர் வருமா? அதைச் சொல்லுங்க முதல்ல.

அரசு வேலை என்றால் கிட்டத்தட்ட வராது. தமிழ்நாட்டில் அரசு டெண்டர்கள் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. அங்கே கேட்பது டர்ன்ஓவர், இதே மாதிரி வேலை செய்த அனுபவம், வேலை முடித்ததற்கான சான்று. தொழில்நுட்ப மதிப்பெண்ணும் சேர்த்துப் பார்க்கும் டெண்டரில் விளக்கக் காட்சிக்குச் சில மதிப்பெண் இருந்தால் விருது அங்கே லேசாக உதவும். ஒரு நல்ல ஒர்க் கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டை லேமினேட் செய்து வையுங்கள், பென்சிலைவிட அதற்கு இங்கே வேலை அதிகம்.

தனியார் வாடிக்கையாளர்களில் ஊர்க்காரர்களை நகர்த்துவது நாளிதழில் வந்த செய்திதான். தினத்தந்தி வேலூர்ப் பதிப்பில் படத்தோடு ஒரு பத்தி வந்தால் மறுநாள் போன் அடிக்கும். வெபி என்றால் 'அது இன்னா?' என்பார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நேர் எதிர். பெரிய விருதால் வரும் நிச்சயமான லாபம் ஒன்று உண்டு: நல்ல ஆட்கள் வேலைக்கு விண்ணப்பிப்பார்கள்.

கிளையண்ட் வேலையை அவங்களைக் கேக்காம போட்டிக்கு அனுப்பலாமா? செஞ்சது நாமதானே?

செய்தது நீங்கள், சட்டப்படியும் எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை பதிப்புரிமை (காப்பிரைட்) பெரும்பாலும் உங்களிடமே இருக்கும். 1957 பதிப்புரிமைச் சட்டம் உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் கிளையண்டின் பெயர், லோகோ, உள்ளே இருக்கும் தகவல் உங்களுடையது அல்ல. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை மீறினீர்கள் என்று ஆகிவிடும். ஆஸ்பத்திரி வேலையில் வீடியோ எடுக்கும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் முகமோ, திரையில் ஓடும் பெயரோ விழுந்தால் அது இன்னும் பெரிய தலைவலி.

வேலை எடுக்கும்போதே ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: முடிந்த வேலையைக் காட்சிக்கும் போட்டிக்கும் பயன்படுத்தலாம், வெளியிடும் முன் ஒருமுறை காட்டுவோம். தொடக்கத்தில் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. முடிந்த பிறகு கேட்டால் 'எங்க லீகலைக் கேட்டுச் சொல்றோம்' என்று போய்விடும்.

நான் வேலையில இருந்தப்போ செஞ்ச ப்ராஜெக்ட்டுக்கு ஸ்டுடியோ அவார்டு வாங்கிடுச்சு. லிஸ்ட்ல என் பேரே இல்லண்ணா.

இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது, குரலும் தழுதழுத்துத்தான் வருகிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது செய்ததன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குத்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படி. ஆனால் 57-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. உரிமையை விட்டுக் கொடுத்த பிறகும் 'இதைப் படைத்தது நான்' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடம் இருக்கிறது. அதனால் உங்கள் வேலைத் தொகுப்பில், நீங்கள் செய்த பகுதி எது என்று தெளிவாக எழுதிப் போட்டுக்கொள்ளலாம், ரகசிய ஒப்பந்தம் தடுக்காத வரை.

வழக்குக்குப் போவதற்கு முன் ஒரு மெயில் எழுதுங்கள். பல விருதுத் தளங்கள் முடிவு வந்த பிறகும் பெயர்ப் பட்டியலைத் திருத்தித் தருகின்றன. விண்ணப்பித்த ஸ்டுடியோ கேட்டால் போதும். ஸ்டுடியோ நடத்துபவர்களுக்கு நான் சொல்வது, வேலை நடக்கும்போதே யார் எதைச் செய்தார்கள் என்று ஒரு ஷீட் வைத்திருங்கள். விட்டுப்போனவர், பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பெண், வங்காளத்தில் குரல் கொடுத்தவர் எல்லாரும் அதில் இருக்கட்டும். நிறுவனர் பெயரை மட்டும் போட்டு 'டீம்' என்று முடிக்கும் பழக்கத்தைப் போல எரிச்சலூட்டுவது எனக்கு வேறு இல்லை.

பேப்பர்ல வந்ததை ஸ்கேன் பண்ணி வெப்சைட்ல போட்டுட்டோம். பிரச்சினை வருமா?

முழுக் கட்டுரையும் படமும் அந்தப் பத்திரிகையின் சொத்து. உங்களைப் பற்றியது என்பதால் உங்களுடையது ஆகிவிடாது. சின்ன ஸ்டுடியோ மேல் யாரும் பாய்வதில்லைதான், இருந்தாலும் சரியான வழி சுலபமானது: பத்திரிகை பெயர், தேதி, தலைப்பு, ஓரிரு வரி மேற்கோள், இணைப்பு. முழுக் கத்தரிப்பு வேண்டும் என்றால் மெயிலில் அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கொடுக்கிறார்கள். இணைப்பு செத்துப்போகும் என்ற பயம் நியாயம். செய்தி வந்த அன்றே இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து, அந்த முகவரியையும் குறித்து வையுங்கள்.

'தமிழ்நாட்டின் நம்பர் 1 ஸ்டுடியோ'ன்னு போர்டு வெச்சா யாரு கேக்கப் போறாங்க?

பக்கத்துக் கடைக்காரர் கேட்பார், அதாவது போட்டி ஸ்டுடியோ. விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலில் விருது, தரவரிசை பற்றித் தனி வழிகாட்டுதல் இருக்கிறது. விருது தந்த அமைப்பின் பெயரும் காலமும் விளம்பரத்திலேயே தெரிய வேண்டும், அந்த அமைப்பும் நம்பகமானதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. 'நம்பர் 1' என்பதை நாலு கேள்வியில் வைத்துப் பாருங்கள், முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

ரெண்டு அவார்டு, மூணு செய்தி வந்திருக்கு. விக்கிப்பீடியால பக்கம் போட்டுடலாமா?

நீங்கள் போடாதீர்கள். சம்பந்தமில்லாத நம்பகமான ஊடகங்கள் பல, உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் அங்கே அளவு. நீங்கள் அனுப்பிய ரிலீஸை அப்படியே போட்ட செய்தி, நிறுவனர் பேட்டி மட்டும், திறப்பு விழாச் செய்தி எதுவும் கணக்கில் வராது. காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. தமிழ் விக்கிப்பீடியாவில் சுலபமாக நுழைந்துவிடலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டார். அங்கேயும் ஆட்கள் விழிப்பாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் தளத்திலேயே வேலைவாரியாக நல்ல விளக்கப் பக்கம் எழுதுங்கள், தேடுபவர்கள் அங்கே வருவார்கள்.

பழைய அவார்டு. அந்த சைட்டே இப்போ இல்ல, அந்தப் பிரிவையும் எடுத்துட்டாங்க. லிஸ்ட்ல வெச்சிருக்கலாமா?

தாராளமாக, ஆண்டோடு. இந்தத் தொழிலில் இது சகஜம். தளங்களில் அசையும் காட்சிகளை ஓட்டிய அடோபி ஃப்ளாஷ் மென்பொருள் 2020 டிசம்பர் 31-ஓடு நின்றது. அதற்கு முந்தைய காலத்தில் கொண்டாடப்பட்ட தளங்களில் பெரும்பகுதி ஃப்ளாஷில் செய்தவை, இன்றைக்கு பிரவுசர்களில் நேராக ஓடாது. கான் லயன்ஸில் இணைய வேலைகளுக்காக 1998-லிருந்து இருந்த சைபர் பிரிவை 2018-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் வாங்கியவர்களின் சைபர் லயன் பொய்யாகிவிடவில்லை. 'சைபர் லயன், இன்ன ஆண்டு, இப்போது இல்லாத பிரிவு' என்று எழுதினால் முடிந்தது.

ஆனால் வேலையைக் காட்ட ஒன்றும் இல்லாமல் விருதின் பெயர் மட்டும் நின்றால் பார்ப்பவருக்குப் பயனில்லை. அதனால் இன்றைக்குச் செய்யும் வேலைக்கு இன்றைக்கே ஆவணம் எடுங்கள். ஒருவர் உண்மையாகவே பயன்படுத்துவதை வெட்டாமல் ஒரு வீடியோ, திரைகளின் படங்கள், புரோகிராம் கோடின் ஒரு பிரதி, யார் யார் செய்தார்கள் என்ற அந்த ஷீட். கியோஸ்க் என்றால் அது நின்ற இடத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள். ஆஸ்பத்திரி கவுன்டரை இடம் மாற்றினால் முதலில் காணாமல் போவது அதுதான். எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, ஒன்றை ஸ்டுடியோவுக்கு வெளியே வையுங்கள்.